'வந்துட்டேன்' என்று பாடுபவர்

வணக்கம். சமையல் முடிந்ததும் ஜப்பானிய வீடுகளில் அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும்: 'கோஹான் கா தெகிதா யோ'. சாப்பாடு ரெடி என்று அர்த்தம். 1980-இல் ஒரு பாப் பாடகி தன் இரட்டை இசைத்தட்டுக்கு இந்தப் பெயரை வைத்தார். அடுத்த ஆண்டு வந்த தட்டின் பெயர் 'தாதைமா'. வெளியே போனவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே 'வந்துட்டேன்' என்று உள்ளே குரல் கொடுப்பாரே, அதுதான்.

அவர் அகிகோ யானோ. பியானோ, சின்தசைசர் இரண்டும் அவர் கைக்குப் பழகியவை. பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடுவார். அடுப்படிப் பேச்சைத் தட்டின் அட்டையில் போட்ட இவர் வீட்டில் தங்கியது குறைவுதான்.

பிறந்தது 1955-இல் தோக்கியோவில். வளர்ந்தது வடக்கே, பனி கொட்டும் அவோமோரியில். உயர்நிலைப் பள்ளிக்காகத் தோக்கியோ வந்தவர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஜாஸ் கிளப்புகளில் பியானோ முன் உட்கார்ந்துவிட்டார். 1976-இல், 21 வயதில், முதல் தட்டு 'ஜாப்பனீஸ் கேர்ள்'. அதன் ஒரு பக்கம் லாஸ் ஏஞ்சலிஸில் லிட்டில் ஃபீட் என்ற அமெரிக்க ராக் குழுவோடு பதிவானது, மறுபக்கம் ஜப்பானியக் கலைஞர்களோடு. இரண்டையும் சும்மா ஒட்டவைத்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அவோமோரித் திருவிழாவின் தாளமும் அந்தத் தட்டில் இருக்கிறது.

அப்புறம் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜப்பானிய மின்னணு இசைக்குழு. 1979-லும் 1980-லும் அந்தக் குழு உலகம் சுற்றியபோது கூடவே கீபோர்டு வாசித்தவர் இவர். குழுவின் மூவரும் முகத்தில் சலனமே இல்லாமல் நிற்க, இவர் மட்டும் துள்ளிக்கொண்டே வாசிப்பார். அவர்களில் ஒருவரான ரியூயிச்சி சகாமோட்டோவை 1982-இல் மணந்தார்; பின்னாளில் பிரிந்தார்கள். 1981-இல் ஓர் அழகுசாதன விளம்பரத்துக்குப் பாடிய பாட்டு நாடெங்கும் ஒலித்தது. சரி, அதெல்லாம் புகழ்க் கணக்கு.

எனக்கு முக்கியமாகப் படுவது 1992-இல் வந்த 'சூப்பர் ஃபோக் சாங்'. அதில் பியானோவும் குரலும் மட்டும்தான். முதலில் பியானோவைப் பதிந்துவிட்டுப் பிறகு குரலைச் சேர்ப்பது ஸ்டூடியோ வழக்கம். இவர் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார். வெட்டி ஒட்டுவதும் கிடையாது. கடைசி வரியில் ஒரு விரல் பிசகினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பதிவைக் கறுப்பு வெள்ளையில் ஆவணப்படமாகவும் எடுத்தார்கள். நிறுத்துகிறார், அலுத்துக்கொள்கிறார், மறுபடி ஆரம்பிக்கிறார். படம் முழுக்க இதுதான், ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது. அவருடைய இடது கை பாட்டுக்கு வெறும் துணை போவதில்லை. குரல் ஒரு சொல்லை இழுத்தால் கையும் காத்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியே பதிந்திருந்தால் இந்தக் காத்திருப்பு கிடைத்திருக்காது.

இதற்கு முன்பே, 1990-இல், அவர் நியூயார்க்குக்குக் குடிபோய்விட்டார். ஆனாலும் 1996 முதல் வருடக் கடைசியில் ஜப்பானுக்கு வந்து 'சாதோகாயெரு' என்ற கச்சேரி நடத்துவது வழக்கமாயிற்று. 'சாதோகாயெரி' என்றால் கல்யாணமான பெண் தாய்வீட்டுக்கு வருவது. 'காயெரு' என்றால் திரும்புதல். தவளைக்கும் அதே சொல்தான். அந்தச் சிலேடையைத்தான் கச்சேரிக்குப் பெயராக வைத்துவிட்டார்.

2023-இல் வந்த தட்டுக்கு வரிகள் எழுதியவர் விண்வெளி வீரர் சோயிச்சி நோகுச்சி. விண்வெளி நிலையத்தில் இருந்தபடி எழுதியவை. மெட்டும் பியானோவும் குரலும் யானோவுடையவை. வீட்டிலிருந்து இவரை விடவும் தூரம் போன ஒருவர் கிடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ஒரு பாட்டு. 1984-இல் வந்தது. ஒரு பெண்ணுக்கு ராமென் என்ற ஜப்பானிய நூடுல்ஸ் சூப் சாப்பிட வேண்டும், தனியாக, சுடச்சுட. இறைச்சித் துண்டு வேண்டாம், ஆனால் வெங்காயத்தாளும் பூண்டும் குவித்துப் போடச் சொல்கிறாள். பியானோவின் இடது கையைக் கவனித்துக் கேளுங்கள்.