எண்ணெயில் ஏறாத உறைப்பு

நடுவர் அவர்களே, குலசேகரத்துப் பெரியோர்களே, வணக்கம். வயிற்றுக்குத் துணை அடுக்களைச் சரக்கா, அதிலிருந்து இறக்கிக் குப்பியில் அடைத்த எண்ணெயா என்பது இன்றைய வழக்கு. நான் சரக்குக் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி, ஒரு கை சுக்கின் குணம் முழுவதும் ஒரு சொட்டு எண்ணெயில் அடங்கிவிடும் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பேச்சு அவ்வளவு ஜோர். ஆனால் விஷயம் தப்பு. அந்த எண்ணெயைப் பெரும்பாலும் நீராவி விட்டுத்தான் இறக்குகிறார்கள். ஆவியோடு ஏறிப்போவது மணம். சுக்குக்கு உறைப்பு தரும் ஜிஞ்சராலும் ஷோகாலும் ஏறாது, சக்கையிலேயே தங்கிவிடும். நல்லமிளகின் பைப்பரினும் அப்படித்தான். குமட்டலுக்கு இஞ்சி கேட்கிறது என்றால், அதில் பெரும்பங்கு இந்த உறைப்புப் பொருள்களுக்குத்தான். அண்ணாச்சி வாசனையைக் குப்பியில் பிடித்துக்கொண்டு மருந்தைக் குப்பையில் கொட்டிவிட்டார்!

ஓமம் அப்படியில்லையே என்பீர்கள். சரி, அதன் குணத்துக்குக் காரணமான தைமால் என்ற பொருள் ஆவியோடு போகும். ஆனால் நாம் குடிக்கும் ஓமத்திராவகம் எண்ணெய் இல்லை, ஓமத்தின் சாரம் கொஞ்சமாய்க் கரைந்த தண்ணீர். அதனால் அதுவும் என் கட்சிதான்.

இப்போது கிராம்புக்கு வருகிறேன். நம் மாறாமலையிலும் வேளிமலையிலும் விளைவது. கன்னியாகுமரி கிராம்பு என்று 2021இல் புவிசார் குறியீடே வாங்கியது. மொட்டின் எடையில் ஆறில் ஒரு பங்கு போல எண்ணெய், அதில் பெரும்பகுதி நாக்கை மரக்கவைக்கும் யூஜினால் என்ற பொருள். கணக்குப் போடுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்குள் சுமார் 300 கிராம்பு உட்கார்ந்திருக்கிறது. 300 கிராம்பை யாராவது மெல்லுவார்களா? மூன்றாவதிலேயே நாக்கு மரத்துப்போய்த் துப்பிவிடுவோம். சரக்குக்கு நாக்கே காவல். எண்ணெய்க்கு அந்தக் காவல் போதாது. ஒன்றிரண்டு தேக்கரண்டி கிராம்பு எண்ணெயைக் குடித்த சிறுபிள்ளைகளுக்கு ஈரல் கெட்டுப்போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தக் குப்பியை உயரத்தில் வையுங்கள். இதைக் கட்சி மறந்து சொல்கிறேன்.

புதினா எண்ணெய் மாத்திரை குடல் எரிச்சல் நோய்க்குப் பயன்படுகிறதே என்றும் அண்ணாச்சி கேட்டார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது இரைப்பையில் கரையாதபடி உறை போட்டு, குடலில் போய் உடையும்படி அளவோடு செய்த மாத்திரை. அதே எண்ணெயை வெறும் சொட்டாக விழுங்கினால் உணவுக்குழாயின் அடிவாசல் தளர்ந்து நெஞ்செரிச்சல்தான் கூடும்.

நம் ஊர் கல்யாணப் பந்தியைப் பாருங்கள். பிரதமன் பாயசம் வரும் என்று தெரிந்தேதான் இலை ஓரத்தில் முதலிலேயே இஞ்சிப் பச்சடி வைக்கிறார்கள். அப்புறம் ரசம், மோர். குடிக்கச் சீரக வெள்ளம், அதாவது சீரகத் தண்ணீர். மருந்து என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் பிள்ளைகள் ஓடிவிடும்.

சுக்கு எல்லாம் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. மலத்தில் ரத்தம், விடாத வலி, காரணமில்லாமல் உடல் மெலிவு என்றால் சுக்கும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், நேராக ஆசாரிப்பள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடுங்கள்.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கச்சிக்கு ஒரே கேள்வி. மேசைமேல் அண்ணாச்சி பெருமையாக வைத்துவிட்டுப் போன குப்பியில் பொடி எழுத்தில் ‘வெளி உபயோகத்திற்கு மட்டும்’ என்று போட்டிருக்கிறது. அதைச் சபைக்கு உரக்க வாசித்துவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள், தாயி.