ஒரு சிவப்புக் கதிர்

அவையோர் எல்லோருக்கும் வணக்கம்.

குடும்பத்தையும் நிலத்தையும் ஒருசேரக் காத்த ஓர் உழவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு உடனே மனதில் வந்தவர் சீகர் வீலர். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், சஸ்கட்டூன் நகருக்கு வடக்கே ராஸ்தர்ன் என்று ஒரு சிற்றூர். அதன் பக்கத்தில் கோதுமை விளைவித்தவர். உலகிலேயே சிறந்த கோதுமை என்ற பரிசை ஐந்து முறை வாங்கியவர்.

1868-இல் இங்கிலாந்தின் வைட் தீவில் பிறந்தார். கடற்கரைப் பிள்ளை. 1885-இல், பதினேழு வயதில், கனடாவுக்குப் போனார். அந்த ஆண்டு மே மாதம், ராஸ்தர்னுக்குத் தொலைவில் இல்லாத பட்டோஷ் என்ற ஊரில், மெட்டி மக்கள் (பழங்குடியினருக்கும் ஐரோப்பியருக்கும் பிறந்த கலப்பு மரபினர்) தங்கள் நிலத்துக்காக அரசுப் படையுடன் சண்டையிட்டுத் தோற்றார்கள். குடியேறியவர்களின் உழைப்பைப் போற்றும்போது இதையும் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். அது ஆளில்லாமல் கிடந்த மண் அல்ல.

அந்த நாளில், கனடாவின் 1872-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, குடியேறுகிறவர்களுக்கு 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர் கிடைத்தது. மூன்று ஆண்டு அங்கே குடியிருந்து, வீடு கட்டி, ஒரு பகுதியை உழுது காட்ட வேண்டியிருந்தது. ஆனால் அது காலங்காலமாகப் புல் வேர் பின்னிக் கிடந்த தரை. முதல் உழவில் மண் பொலபொலவென்று உதிராது; பாய் சுருள்வதுபோல் பட்டைபட்டையாகப் புரளும். மரம் கிடைக்காத இடங்களில் அந்தப் பட்டைகளையே அடுக்கி வீடு கட்டிக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை உறைபனி. அந்தப் பக்கத்தில் பனி விழாத நாட்கள் ஏறக்குறைய நூறுதான். பழைய ரெட் ஃபைஃப் கோதுமை முற்றுவதற்குள் பல ஆண்டுகளில் பனி முந்திக்கொள்ளும். மணி சுருங்கிப்போகும், விலை பாதாளத்துக்குப் போகும். ஓர் இரவுக் குளிரில் ஓர் ஆண்டு உழைப்பு போய்விடும்.

இதற்கு விடையாக வந்ததுதான் மார்க்விஸ் கோதுமை. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் இருந்த சார்லஸ் சாண்டர்ஸ் என்ற அரசு வேளாண் அறிவியலாளர் தேர்ந்தெடுத்த ரகம். சோதனைச்சாலை வசதி குறைந்த அந்த நாளில் அவர் மணிகளை வாயில் போட்டு மென்று, பசைத்தன்மை எப்படி என்று பார்ப்பாராம். மார்க்விஸின் தந்தை ரெட் ஃபைஃப். தாய் எது தெரியுமா? ஹார்ட் ரெட் கல்கத்தா. நம் நாட்டிலிருந்து போன கோதுமை! அந்தத் தாய் கொடுத்த குணத்தால் சுமார் ஒரு வாரம் முன்னதாகவே கதிர் முற்றியது. பனிக்கும் பயிருக்கும் நடக்கிற ஓட்டத்தில் ஒரு வாரம் என்பது எவ்வளவு பெரிது என்று உழவருக்குத்தான் தெரியும்.

சரி, நல்ல விதை எல்லோருக்கும் வந்தது. வீலர் மட்டும் என்ன செய்தார்? அறுவடைக்கு முன்னால் வயலுக்குள் இறங்கி, கதிர் கதிராகப் பார்த்தார். நன்றாக இருந்த கதிரைத் தனியே எடுத்து, அதன் மணிகளை அடுத்த ஆண்டு தனி வரிசையாக விதைத்தார். வரிசைகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, தேறாததைக் கழித்தார். மறுபடி விதைத்தார். இப்படி ஆண்டுக்கணக்கில். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பாப்ஸ் என்ற வெள்ளைக் கோதுமையை ஒருமுறை விதைத்திருந்தார். அதில் ஒரு கதிரில் மட்டும் மணி சிவப்பு. கலப்படம் என்று வேறு யாரும் பிடுங்கி எறிந்திருப்பார்கள். அவர் அதை எடுத்து வளர்த்தார். ரெட் பாப்ஸ் என்ற ரகம் அப்படிப் பிறந்தது. எனக்கு அவருடைய பரிசுகளைவிட இந்த ஒரு கதிர்தான் பெரிதாகத் தெரிகிறது.

பரிசுகளும் வந்தன. 1911-இல் நியூயார்க் கண்காட்சியில் மார்க்விஸை வைத்து 1,000 டாலர் தங்கக் காசு வென்றார். அப்புறம் 1914, 1915, 1916, 1918. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகம் 1920-இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

இனி குடும்பம். சமவெளிப் பண்ணையில் தனி ஆளாக யாரும் விவசாயம் செய்ய முடியாது. கதிரடிக்கும் நாட்களில் ஆட்கள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். விடியுமுன் தொடங்கி நாளெல்லாம் பெண்கள் சமைத்துப் போட வேண்டும். கோழி, மாடு, காய்கறித் தோட்டம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. பரிசுச் சான்றிதழில் ஒரு பெயர்தான் இருக்கும். அந்தக் கோதுமைக்குப் பின்னால் ஒரு வீடே இருந்தது.

வீலர் அந்த வீட்டுக்குச் செய்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். வெட்டவெளிக் காற்று வீட்டையும் தோட்டத்தையும் அடிக்காமல் இருக்க வரிசை வரிசையாக மரம் வைத்தார். அந்த மறைப்புக்குள் ஆப்பிள், பிளம், செர்ரி வளர்த்தார். குளிர்காலத்தில் மைனஸ் நாற்பது வரை இறங்கும் ஊர் அது! கோதுமைக்கு ஓர் ஆண்டில் பலன் தெரிந்துவிடும். பழமரத்துக்கு அப்படி இல்லை. இங்கே என் பிள்ளைகள் இருப்பார்கள் என்று நம்புகிறவன்தான் மரம் வைப்பான்.

புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. 1930-களில் விலையும் விழுந்தது, வறட்சியும் வந்தது. 1929-இல் ஒரு டாலருக்கு மேல் விற்ற ஒரு புஷல் (சுமார் 27 கிலோ) கோதுமை 1932-இல் நாற்பது சென்ட்டுக்கும் கீழே போனது. முதுமையில் அவர் பண்ணையை விட்டு, கனடாவின் மேற்குக் கரையில் குளிர் குறைந்த விக்டோரியா நகரத்துக்குப் போய்விட்டார். 1961-இல் அங்கே காலமானார். வயது 93.

அவருடைய மேப்பிள் குரோவ் பண்ணையைக் கனடா தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்திருக்கிறது. அந்த வீடும், காற்றை மறிக்க அமைத்த மரவரிசைகளும் அந்தத் தலத்தில் அடக்கம்.