இரண்டாவது ஊசி போடும்போது வாத்து எங்கே இருக்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, முப்பது வருடத்துக்கு மேல் ஊர் ஊராகக் கால்நடைகளுக்கு வைத்தியம் பார்த்தவன் நான். பறவைக் காய்ச்சலைத் தடுக்க வாத்துகளுக்கு ஊசி போடலாமா என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். போட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

தை மாதம். மதுராந்தகத்தைத் தாண்டி, அறுவடை முடிந்த ஒரு வயல். நைலான் வலையை வட்டமாகக் கட்டி, உள்ளே எண்ணூறு வாத்து. இன்னும் சரியாக விடியவில்லை. வாத்து விடிவதற்குள் முட்டையிட்டுவிடும். முட்டையைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் பட்டியைத் திறப்பார்கள். அந்த இடைவெளியில் வாத்துப் பிளேக் நோய்க்கான தடுப்பூசியை நாங்கள் போட்டு முடிக்க வேண்டும். கோழியைத் தூக்குவதுபோலக் காலைப் பிடித்துத் தூக்கினால் வாத்துக்குக் கால் போய்விடும். கழுத்தைத்தான் பிடிக்க வேண்டும். வாத்துக்காரர் கழுத்தைப் பிடித்து நீட்டுவார், அவர் மனைவி இறக்கைகளைச் சேர்த்து அணைத்துக்கொள்வார், நான் தோலை இரண்டு விரலால் தூக்கி ஊசியை ஏற்றுவேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மருந்துக்குப்பி ஒரு கையில் சில்லென்று இருக்கும். இன்னொரு கையில் வாத்தின் உடம்புச் சூடு. வெயில் ஏறுவதற்குள் எண்ணூறும் முடிந்துவிட்டது.

பறவைக் காய்ச்சல் இவ்வளவு சுலபமான எதிரி இல்லை. எச்5என்1 கிருமி கோழிப் பண்ணைக்குள் நுழைந்தால் இரண்டு மூன்று நாளில் கொத்துக் கொத்தாகச் சாவு விழும், உடனே தெரிந்துவிடும். வாத்து அப்படி இல்லை. பல சமயம் நோயைத் தாங்கிக்கொண்டு, பார்க்க நன்றாகவே இருந்துகொண்டு, எச்சத்தில் கிருமியைக் கழித்துக்கொண்டே போகும். அந்த எச்சம் குட்டைத் தண்ணீரில் கலக்கும். அதே குட்டையில் காக்கையும் குடிக்கும், ஊர்க்கோழியும் குடிக்கும். கிருமி கடுமையான ரகமாக இருந்தால் வாத்தும் தப்பாது. கண் வெள்ளையாகப் படலம் கட்டிவிடும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், தண்ணீரில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நீந்தும். அதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மறக்காது.

கேரளத்தின் குட்டநாட்டுக்காரர்கள் பல தடவை பார்த்துவிட்டார்கள். 2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வந்தது. 2016இல் வந்தது, 2021இல் வந்தது, 2024இலும் வந்தது. வலசைப் பறவைகள் வந்து இறங்கும் காலமும், கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வாத்து வளர்க்கும் காலமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. மாதிரியைப் போபாலில் இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பி, நோய் என்று உறுதியானால், நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வளர்ப்புப் பறவைகள் எல்லாவற்றையும் கொல்ல வேண்டும். அதுதான் நம் நாட்டுக் கொள்கை. 2021 ஜனவரியில் கேரள அரசு கொடுத்த இழப்பீடு, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்து ஒன்றுக்கு 200 ரூபாய், அதற்கும் சிறியதற்கு 100 ரூபாய். ஒரு முட்டை வாத்து அடுத்த இரண்டு வருடத்தில் கொடுக்கப்போகும் முட்டைகளை அந்தத் தொகையில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அது என்னை இன்றைக்கும் வருத்துகிறது.

கொல்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. நோய் வந்த மந்தையை விட்டுவைக்க முடியாது. 2021இல் டெல்லியில் பதினோரு வயதுச் சிறுவன் இந்தக் கிருமியால் இறந்தான். மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம்தான், தொற்றினால் ஆபத்து பெரிது. ஆனால் ஒவ்வொரு முறையும் தீ பிடித்த பிறகு அணைப்பதை மட்டுமே வழியாக வைத்திருக்க வேண்டுமா?

பிரான்ஸ் நாட்டில் இதே கேள்வி வந்தது. வாத்து வளர்ப்பில் பெரிய நாடு அது. 2021–22இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகளில் நோய் வந்து, கோடிக்கணக்கில் பறவைகளைக் கொன்றார்கள். 2023 அக்டோபரில், 250 வாத்துக்கு மேல் வைத்திருக்கும் பண்ணைகளில் தடுப்பூசியைக் கட்டாயமாக்கினார்கள். முதல் வருடச் செலவில் 85 விழுக்காட்டை அரசே ஏற்றது. அடுத்து வந்த பருவத்தில் நோய் வந்த பண்ணைகள் பத்து. ஆயிரம் எங்கே, பத்து எங்கே! காட்டுப் பறவைகளிடம் கிருமியின் நடமாட்டமும் அந்த வருடம் குறைவுதான், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் அந்த வித்தியாசத்தை நான் லேசாக நினைக்க மாட்டேன்.

தடுப்பூசிக்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயமான ஒன்று உண்டு. ஊசி போட்ட வாத்துக்கும் கிருமி தொற்றலாம். கழிக்கும் அளவு வெகுவாகக் குறையுமே தவிர, இல்லாமல் போய்விடாது. நோய் வெளியே தெரியாமல் பரவினால் என்ன செய்வது? அதனால்தான் ஊசி போட்ட நாட்டின் கோழி, வாத்து இறைச்சியை மற்ற நாடுகள் வாங்கத் தயங்கும். பிரான்ஸிடமிருந்து வாங்குவதற்கு அமெரிக்கா தடை போட்டது, 2025 ஜனவரியில்தான் தளர்த்தியது. நாமக்கல் முட்டை வெளிநாடு போகிறது. அந்தப் பண்ணையாளர்களின் பயத்தை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது.

இதற்கு வழி இருக்கிறது. பிரான்ஸில் போடும் ஊசியில் முழுக் கிருமி இல்லை, அதன் மேலே இருக்கும் ஒரு புரதம் மட்டும்தான். நிஜமாகவே தொற்று வந்த வாத்தின் ரத்தத்தில் கிருமியின் உள்ளே இருக்கும் புரதத்துக்கும் எதிர்ப்புப் பொருள் இருக்கும். ஊசி மட்டும் போட்ட வாத்தின் ரத்தத்தில் இருக்காது. அதை வைத்துப் பிரித்துவிடலாம். அப்புறம், செத்த வாத்துகளிலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து வாரந்தோறும் சோதிக்கிறார்கள். ஊசி பாதி வேலை, சோதனை மீதிப் பாதி.

இனி நம்ம ஊருக்கு வருவோம். பிரான்ஸ் வாத்து கொட்டகையில் அல்லது வேலிக்குள் இருக்கிறது. இறைச்சி வாத்து சில மாதமே வாழ்கிறது. நம்முடையது முட்டைக்காக இரண்டு வருடம் வாழ்கிறது, அதுவும் நடந்துகொண்டே வாழ்கிறது. வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்று முடித்தால் அடுத்த வயல். செங்கல்பட்டிலிருந்து திருவண்ணாமலை, அங்கிருந்து லாரி ஏற்றி ஆந்திரம். வாத்துப் பிளேக்குக்குப் போட்டதுபோல ஒரே காலையில் வந்து போட்டுவிட்டுப் போக முடியாது. மூன்று வாரம் போல இடைவெளி விட்டு இரண்டாவது ஊசி வேண்டும். எதிர்ப்புச் சக்தி நாள்பட நாள்படக் குறையும் என்பதால் பிறகும் போட வேண்டும்.

முதல் இரண்டு ஊசியைக் குஞ்சுப் பருவத்திலேயே, மந்தை சொந்த ஊரை விட்டுக் கிளம்புமுன் போட்டுவிடலாம். குழந்தைக்கு இருப்பதுபோல மந்தைக்கு ஒரு தடுப்பூசி அட்டை இருக்கட்டும். எந்த மாவட்டத்தில் எந்தக் கால்நடை மருந்தகத்தில் காட்டினாலும் அடுத்த ஊசி கிடைக்க வேண்டும். சோதனைக்கான மாதிரியும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

நகரத்தில் இருக்கிற நேயர்களுக்கு ஒன்று. வாத்து முட்டை சாப்பிடுங்கள், பயம் வேண்டாம்; மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவையுங்கள். 70 டிகிரி வெப்பத்தைக் கிருமி தாங்காது. மொட்டைமாடியிலோ பள்ளிக்கரணைப் பக்கமோ பறவைகள் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை உதவி எண் 1962க்குச் சொல்லுங்கள்.

அந்த மதுராந்தகத்து வாத்துக்காரரிடம், ஊசிப் பெட்டியை மூடும்போது, பறவைக் காய்ச்சல் ஊசியாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக் கேட்டேன், "மூணு வாரம் கழிச்சு எங்கே இருப்பீங்க?" என்று. "அது எப்படி டாக்டரய்யா சொல்ல முடியும், தண்ணி இருக்கிற பக்கம் போவோம்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு மாதிரி கேட்டேன்: "மேய்ச்சலுக்கு எந்த வயலுக்கெல்லாம் முன்பணம் கொடுத்திருக்கீங்க?" ஊர்ப் பெயர், வயல்காரர் பெயர், அறுப்பு தேதி என்று மூன்று இடத்தை நிற்காமல் சொன்னார். அவர் மனைவி நாலாவதைச் சொன்னார். மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நாலையும் எழுதிக்கொண்டேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.