ஜவ்வு மிட்டாய்க்கு உயிர் கொடுப்பது கையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"பாகு பதமாக இருந்தால் குரங்கு கையில் கொடுத்தாலும் ஜவ்வு மிட்டாய் வந்துவிடும்" என்று எதிரணி அண்ணன் சொன்னார். கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி, கொடுத்தே பார்த்துவிடுவோம்!

ஒரு கிலோ சர்க்கரை, கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர், அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு. கொதி வந்த பிறகு கரண்டி போட்டுக் கிண்டினால் பாகு குருணை குருணையாகப் பூத்துவிடும். எலுமிச்சையின் புளிப்பு, சர்க்கரையில் ஒரு பங்கைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும். அதனால் மிச்சம் சீக்கிரம் கட்டி தட்டாது. சுமார் 125 டிகிரிக்கு வந்ததும் ஒரு சொட்டைப் பச்சைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் கெட்டி உருண்டையாக நிற்கும். இதுவரை அண்ணன் கட்சிதான். ஒப்புக்கொள்கிறேன்.

எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றியாயிற்று. என்ன இருக்கிறது தட்டில்? கண்ணாடி மாதிரி ஒரு கட்டி. அப்படியே ஆறவிட்டால் பல்லைக் கழற்றும்!

இப்போது கூப்பிடுங்கள் அண்ணனுடைய குரங்கை. ஓரம் முதலில் இறுகும். நடுவில் கை வைத்தால் சுடும். ஓரத்தை நடுவுக்கு மடித்து மடித்துச் சூட்டைச் சமப்படுத்த வேண்டும். முந்தினால் கையோடு அப்பிக்கொள்ளும். பிந்தினால் முறியும். இடையில் கிடைப்பது சில நிமிஷம்தான். குரங்குக்குத் தெரியுமா?

சுவர்க் கொக்கியில் மாட்டி இழுக்கணும், மடிக்கணும், மறுபடி மாட்டணும். ஒரு மடிப்புக்கு இழை ரெண்டு. பத்தாவது மடிப்பில் 1024. இருபதாவது மடிப்பில் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது, நடுவர் அவர்களே! மடிப்புக்கு மடிப்பு காற்று உள்ளே போகிறது. கண்ணாடி வெண்பட்டாக மாறுவதும், கடித்தால் மெத்தென்று இருப்பதும் அந்தக் காற்றால்தான். போட்டுப் பிசைந்தால் காற்று போச்சு, மிட்டாயும் போச்சு.

அதோடு முடிந்ததா? திருவிழாக் கூட்டம். மூங்கில் கம்பு, உச்சியில் பொம்மை, கயிற்றை இழுத்தால் கை தட்டும். அதற்குக் கீழே பாலிதீன் தாளுக்குள் ரோஸும் வெள்ளையுமாக மிட்டாய். ஒரு பொடியன் வந்து "வாட்ச்" என்கிறான். மிட்டாய்க்காரர் இழுத்தார், சுற்றினார், கட்டினார். முடிந்தது!

வேகமாகச் சொல்லிவிட்டேன். மெதுவாகப் பாருங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஓர் இழையை உருவுகின்றன. மழைக்காற்று அடித்தால் மிட்டாய் ஈரத்தைக் குடித்து இளகும், இழை தொங்கும். அன்றைக்கு இழையைக் கொஞ்சம் தடிமனாக விடும் அந்த விரல். ஒரு சுருட்டு, வட்டம். நடுவில் ரோஸ் பொட்டு. ரெண்டு பக்கமும் வார். பிஞ்சு மணிக்கட்டைச் சுற்றி, கடைசியில் ஒரு கிள்ளு. சொல்லுங்கள் அண்ணே, இதில் எந்த இடத்தில் பாகு வேலை செய்தது?

கிள்ளிய துணுக்கைக் கீழே போடமாட்டார். பொடியன் கன்னத்தில் ஒட்டிவிடுவார். அதற்குக் காசில்லை.

அந்த வாட்ச் மணி காட்டாது. அவனுக்கு மணி பார்க்கவும் தெரியாது. தின்ன மனசு வராமல், வேர்வையில் வார் இளகி ஒழுக ஒழுக, கையைத் தூக்கிப் பிடித்தபடி அம்மாவிடம் காட்ட ஓடுகிறானே, அந்தப் பிள்ளையை ஒரு நிமிஷம் நினைத்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.