மொரிசியஸ் தீவின் கிரியோல்

அவைத்தலைவர் அவர்களே, தமிழன்பர்களே,

மொரிசியஸ் தீவில் வீட்டிலும் சந்தையிலும் பேருந்திலும் மக்கள் பேசும் கிரியோல் மொழியைச் ‘சிதைந்த பிரெஞ்சு’ என்று இகழ்வோர் இன்றும் உளர். அக்கூற்றை நான் முற்றாக மறுக்கிறேன். அதற்கான சான்று அம்மொழிக்குள்ளேயே இருக்கிறது.

1721 முதல் பிரெஞ்சுக்காரர் குடியேறிய அத்தீவுக்கு மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத நிலையில், எசமானரின் பேச்சைக் காதால் மட்டுமே கேட்டு, அதிலிருந்து சொற்களை எடுத்து, அவர்கள் தமக்கென ஒரு மொழியைக் கட்டினார்கள். பெயருக்கு முன் வரும் ‘லா’ போன்ற சார்படை (ஆங்கிலத்தின் ‘the’ போன்ற சிறு சொல்) வேறு, பெயர் வேறு என்று எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. ஆகவே மேசை ‘லதாப்’ என்றும் தண்ணீர் ‘திலோ’ என்றும் சார்படையோடு ஒட்டி ஒரே சொல்லாயின. ஆக்டோபஸ் எனும் நீராளிக்கு ‘ஊரித்’ என்ற மடகாஸ்கர்ச் சொல்லே நிலைத்தது.

வினையைப் பாருங்கள். ‘மோ தி மான்ஸே’ என்றால் உண்டேன். ‘மோ பெ மான்ஸே’ என்றால் உண்டுகொண்டிருக்கிறேன். ‘மோ பு மான்ஸே’ என்றால் உண்பேன். வினைச்சொல் காலத்துக்காக மாறாமல் நிற்க, முன்னே வரும் சிறு இடைச்சொல்லே காலத்தைச் சுமக்கிறது. நாம் விகுதியால் காட்டும் தன்மை, முன்னிலை, படர்க்கை வேறுபாடு அங்கே வினையில் இல்லை. பிரெஞ்சு வினையின் எண்ணற்ற திரிபுகளை விட்டுவிட்டு இப்படியோர் ஒழுங்கை அமைத்துக்கொண்ட மொழியைச் சிதைவு என்பது எவ்வளவு பெரிய அநீதி!

1810இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றிய பின்னும் பிரெஞ்சின் செல்வாக்குக் குறையவில்லை. ஆங்கிலம் அலுவலகத்தோடும் பள்ளியோடும் நின்றது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருந்திரளாக வந்த இந்தியரில் பெரும்பாலோர் போஜ்புரி பேசியவர்கள். தமிழரோ பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாக அங்கே சென்றிருந்தனர். பின்னர்ச் சென்னைத் துறைமுகம் வழியாகவும் பலர் போயினர். அவர்கள் சமையற்கட்டிலிருந்து கிரியோலுக்குள் நுழைந்த சொற்கள் இன்றும் காய்கறிக் கடையில் ஒலிக்கின்றன. கறிவேப்பிலை அங்கே ‘கரிப்புலே’, பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’, முருங்கைக்கீரை ‘ப்ரெத் முரூம்’. இந்த ‘ப்ரெத்’ போர்த்துக்கேய வழி வந்தது, ‘முரூம்’ நம் முருங்கை. தமிழ் வமிசத்தவர் மட்டுமல்லர், தீவார் அனைவரும் இச்சொற்களைத் தம்முடையனவாகவே வழங்குகின்றனர்.

இவ்வளவு காலம் பெரும்பாலும் வாய்மொழியாகவே வாழ்ந்த கிரியோலுக்கு 2011இல் அரசு ஏற்ற எழுத்துமுறை கிடைத்தது. 2012 முதல் தொடக்கப் பள்ளிகளில் அது விருப்பப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.