பையனுக்கு என்ன சீக்கு?

நடுவர் ஐயா, எதிரணித் தோழர்களே, பாம்பன் பெரியோர்களே, தாய்மாரே, வணக்கம். குடி, பீடி இல்லாதவனை ஊர் மதிக்குதா, ஒதுக்குதா? ஒதுக்குது! அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எதிரணித் தம்பி கலாம் ஐயாவைக் காட்டினாரு. ராமேஸ்வரத்துக்காரர், சைவம், மதுவைத் தொடாதவர், ஊரே கும்பிடுதேன்னாரு. நானும் கும்பிடுறேன் தம்பி. அவர் 2002-ல குடியரசுத் தலைவர் ஆனவரு. விசைப்படகுல வலை இழுக்குற பையன் "எனக்கு வேண்டாம்ணே"ன்னு சொல்லிப் பார்க்கட்டும்!

தங்கச்சிமடத்துல அப்படி ஒரு பையன். பொண்ணு கேட்டுப் போனோம். தாய்மாமன் விசாரிக்கிறாரு. "மாப்பிள்ளை தண்ணி போடுவாரா?" "இல்லைங்க." "நல்லது. பீடி?" "இல்லைங்க." மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தாரு. "பாக்காவது?" "அதுவும் இல்லைங்க." பொண்ணோட சித்தப்பாவைப் பார்க்குறாரு. சித்தப்பா மோட்டுவளையைப் பார்க்குறாரு. அப்புறம் என் காதுகிட்ட வந்து, "உள்ளதைச் சொல்லுங்க, பையனுக்கு என்ன சீக்கு?"

சீக்கு! அதோட விட்டாங்களா? மறுவாரம் ஆள் விட்டாங்க, டாக்டர் சீட்டு இருந்தாக் காட்டணுமாம். குடிக்கிற மாப்பிள்ளைகிட்ட எவனாவது சீட்டு கேட்டிருக்கானா ஐயா?

இந்தத் தம்பி இன்னொன்னும் சொன்னாரு: "குடிக்காதவன் கூட வந்தா மிக்சர்தான் காலியாகும்." கைதட்டினீங்க. அந்த மிக்சர் தின்னவன்தான்யா ராத்திரி 1 மணிக்கு உங்க வண்டிச் சாவியைப் பிடுங்கி வச்சான்! வாந்தியெடுத்த சட்டையை அலசிப் போட்டான்! "அண்ணன் என்கூடத்தான் இருக்காரு, நீங்க படுங்க அண்ணி"ன்னு போன் போட்டான்! விடிஞ்சதும் அவனுக்கு நீங்க வச்ச பேரு மிக்சர். பெட்ரோலும் அவன் காசு!

ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில. கூட்டம் கூடுற இடமெல்லாம் குடி. அந்தப் பையனை எவனும் கூப்பிடுறதில்லை. தனியா உட்கார்ந்து கிழிஞ்ச வலையைப் பொத்துறான். அவங்க அம்மா பக்கத்துல வந்து சொன்னாங்க, "நீயும் கொஞ்சம் பழகிக்கோய்யா, நாலு பேரோட இருக்கலாம்ல." சொன்னது யாரு? புருஷனைக் குடிக்குக் கொடுத்துட்டு, கருவாடு வித்து அவனை வளர்த்தவங்க! அந்த வாயாலயே அப்படிச் சொல்ல வச்சிட்டோமே, நாம மனுஷங்களா?

மணி அடிச்சாச்சு. ஐயா, அந்தம்மா இந்தக் கூட்டத்துலதான் இருக்காங்க, எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன். அவங்களுக்குக் கேக்குற மாதிரி தீர்ப்பைச் சொல்லுங்க.