எஸ் இல்லாத காசு

நேயர்களுக்கு வணக்கம்.

பக்கத்தில் சில்லறை இருந்தால் ஒரு காசை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் கண்டக்டர் கொடுத்த மீதியையே பார்க்கலாம். ஆண்டு போட்டிருக்கும் இல்லையா, அதற்கு நேர் கீழே பாருங்கள். ஒரு புள்ளி இருந்தால் நொய்டாவில் அடித்த காசு. குட்டி வைரம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். ஒன்றுமே இல்லையா? கல்கத்தா. அவர்கள் குறி போட்டுக்கொள்வதில்லை. சென்னைக்கு என்ன குறி என்று கேட்காதீர்கள். நமக்கு மிஞ்சியது தங்கசாலைத் தெரு என்கிற பெயர் மட்டும்தான். அங்கே நாணயச்சாலையை மூடி 100 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இந்தக் குறிக்குத்தான் மின்ட் மார்க் என்று பெயர். கடுகைவிடச் சின்னது. முப்பது வருஷமாக நான் லென்ஸை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். வீட்டில் இதற்கு வேறு பெயர் உண்டு, அது வானொலிக்கு ஆகாது.

சேகரிப்பவர்களுக்கென்றே நாணயச்சாலைகள் தனியாகப் பெட்டியில் வைத்து விற்கும் காசுகள் இருக்கின்றன. ப்ரூஃப் செட் என்போம். அச்சையும் மெருகேற்றி, வெறும் வில்லையையும் மெருகேற்றி, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அழுத்தி அடிப்பார்கள். பின்புலம் கண்ணாடி மாதிரி இருக்கும், முகம் தெரியும். உருவம் மட்டும் பனி படிந்தாற்போல் வெளுத்து நிற்கும். நம் மும்பைக்காரர்கள் இந்த ப்ரூஃப் காசில் வைரத்துக்குப் பதிலாக பி என்ற எழுத்தைப் போட்டார்கள். பம்பாய் மும்பையான பிறகு அது எம் ஆனது. ஊர்ப் பெயர் மாறியது கடுகளவு இடத்தில் பதிவாகியிருக்கிறது, பாருங்கள்.

இடையில் ஒன்று. ப்ரூஃப் காசைத் தயவுசெய்து துலக்காதீர்கள். புளி வேண்டாம், விபூதி வேண்டாம், வேட்டி நுனியும் வேண்டாம். பெட்டியை விட்டு எடுக்கவே எடுக்காதீர்கள்.

சரி, அமெரிக்காவுக்கு வருகிறேன். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அந்தக் கதைதான். 1968 முதல் அங்கே ப்ரூஃப் செட்டுகளை சான் பிரான்சிஸ்கோவில் அடித்தார்கள். அதனால் காசில் எஸ் என்ற எழுத்து இருக்கும். அந்த எஸ் எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அச்சுகளை பிலடெல்பியாவில் செய்வார்கள். உருவம், எழுத்து, ஆண்டு எல்லாம் அச்சில் தானாக வந்துவிடும். எஸ் மட்டும் வராது. ஒரு ஆள் உட்கார்ந்து, பஞ்ச் என்கிற, முனையில் எழுத்து உள்ள சின்ன எஃகு உளியை வைத்து, சுத்தியலால் ஒவ்வொரு அச்சிலும் தட்ட வேண்டும்.

பாத்திரக்கடையில் பெயர் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். என் அம்மாவின் கல்யாணச் சீர்ப் பாத்திரம் எல்லாவற்றிலும் தாத்தாவின் இனிஷியலோடு அம்மா பெயர் இருக்கும். ஒரே ஒரு தூக்குவாளியில் மட்டும் இனிஷியல் இல்லை. அந்த எழுத்து வரவேண்டிய இடத்தில் புள்ளி மட்டும் இருக்கிறது. "வெட்டினவன் நடுவுல வெத்தலை போடப் போயிருப்பான்" என்பாள் பாட்டி. பக்கத்து வீட்டுக்கு மோர் கொடுத்தனுப்ப அந்த வாளிதான். கைமாறிப் போனாலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா!

பிலடெல்பியாவிலும் யாரோ ஒருவர் அப்படி எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் பாத்திரத்தில் விட்டால் ஒரு பாத்திரத்தோடு போயிற்று. அச்சில் விட்டால், யாராவது கவனிக்கும்வரை விழுகிற காசெல்லாம் மொட்டைதான். 1968, 1970, 1983 டைம்களில், அதாவது பத்து சென்ட் காசுகளில், இப்படி எஸ் விட்டுப்போனவை கிடைத்திருக்கின்றன. 1971இல் ஐந்து சென்ட்டிலும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் ராஜா 1975 டைம். நம் பழைய எவர்சில்வர் நாலணாவைவிடக் கொஞ்சம் சின்னக் காசு. அந்த ஆண்டு செட்டின் விலை 7 டாலர். விற்றது 28 லட்சத்துக்கும் மேல். அத்தனையிலும் எஸ் இல்லாததாக வெளியே தெரிந்தவை இரண்டே இரண்டு. மறுபடி சொல்கிறேன், இரண்டே இரண்டு.

அதில் ஒன்றை ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பால்பண்ணைக் குடும்பம் 1978இல் வாங்கியது. அம்மாவும் மகனுமாகச் சேர்ந்து 18,200 டாலர் கொடுத்திருக்கிறார்கள். பத்து சென்ட் காசுக்கு! கஷ்டம் வந்தால் கைகொடுக்கும் என்று வாங்கினார்களாம். நம்மூரில் இரட்டை வடச் சங்கிலி வாங்கிப் பீரோவில் வைப்பதில்லையா? அவர்கள் வங்கிப் பெட்டகத்தில் வைத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. சகோதரிகள் மூன்று பேர். அண்ணன் காசைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார், ஆனால் நேரில் பார்க்க அவர்களில் ஒருவருக்குப் பல வருஷம் வாய்க்கவில்லை. அண்ணன் காலமான பிறகு 2024இல் ஏலத்துக்கு வந்தது. 5,06,250 டாலர். அன்றைய கணக்கில் நம் பணத்தில் நாலேகால் கோடி.

இதைக் கேட்டுவிட்டு ஐந்து ரூபாய்க் காசு பல லட்சம் போகும் என்று வாட்ஸ்ஆப்பில் வருவதை நம்பிவிடாதீர்கள். முன்பணம் கட்டு என்பார்கள், கட்டினால் போனதுதான். அங்கேயும் எஸ்ஸைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்கிற ஆட்கள் உண்டு. லென்ஸில் பார்த்தால் அந்த இடத்தில் கண்ணாடி கலைந்திருக்கும்.

1985இல் எஸ்ஸை மூல அச்சிலேயே சேர்த்துவிட்டார்கள். இனித் தவறு வராது என்று பார்த்தால் 1990இல் ஒரு சென்ட் எஸ் இல்லாமல் வந்தது! குறியே இல்லாத சாதாரணக் காசுக்கான அச்சு ஒன்று ப்ரூஃப் வரிசையில் கலந்துபோனதுதான் காரணம்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 1979, 1981 பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வந்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ் இருக்கிறது, ஆனால் இரண்டு விதம். 1979இல் பழைய பஞ்ச் தேய்ந்துபோய் எஸ் உளுந்தை நசுக்கினாற்போல் விழுந்தது. நடுவிலேயே புது பஞ்ச் வந்து எழுத்து தெளிவானது. அந்தத் தெளிவான எஸ்தான் அந்த வருஷத்தில் அரிது. 1981இல் மறுபடி தேய்ந்து, மறுபடி மாற்றினார்கள். இந்தத் தடவை இரண்டும் தெளிவாகவே இருக்கும். எஸ்ஸின் முனைகள் குமிழ் மாதிரி உருண்டிருக்கிறதா என்று பாருங்கள், பத்து மடங்கு லென்ஸ் வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டில் வரவேண்டும், காசைப் பெட்டியோடு சாய்த்து... சரி, சிவப்பு விளக்கு போட்டுவிட்டார்கள். வணக்கம்.